புள்ளி வைத்துக் கோலம் போட பி5 போதுமா?

பொழுதுபோக்காகப் புரோகிராமிங் பழக வருகிறவர்களில் பலர் இன்ஸ்டால் செய்யும் கட்டத்திலேயே கழன்றுகொள்கிறார்கள். பி5.ஜேஎஸ் அந்தக் கட்டத்தையே தூக்கிவிட்டது. பிரவுசரில் அதன் எடிட்டரைத் திறந்தால் இடப்பக்கம் பத்து வரிக்கும் குறைவான நிரல், மேலே ஒரு பிளே பொத்தான், வலப்பக்கம் படம் வரும் இடம். பொத்தானை அழுத்தினால் 400-க்கு 400 பிக்சலில் ஒரு வெளிர்சாம்பல் சதுரம் வந்து நிற்கும். அதன் மேல் நாம் வரையத் தொடங்கலாம். கட்டணம் கிடையாது. செய்ததைச் சேமித்து வைக்க மட்டும் ஒரு கணக்கு வேண்டும்.

பி5 தனி மொழி இல்லை. பிரவுசர்கள் புரிந்துகொள்ளும் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு நூலகம், அதாவது தயார்க் கட்டளைகளின் தொகுப்பு. 2001-இல் எம்ஐடி மீடியா லேபில் கேசி ரீஸும் பென் ஃப்ரையும் ஓவியர்களுக்காகத் தொடங்கிய பிராசஸிங்கின் வழியில் வந்தது. 2013-இல் லாரன் மெக்கார்த்தி அதைப் பிரவுசருக்கு ஏற்றபடி புதிதாக எழுதத் தொடங்கினார். அதனால்தான் இதன் கட்டளைகள் எல்லாம் படம் வரைகிறவர் பேசும் சொற்களாக இருக்கின்றன: லைன், சர்க்கிள், ஃபில், ஸ்ட்ரோக். கடைக் கணக்கு, லாகின் பக்கம், தரவுத்தளம் என்று யோசிக்கிறவர் வேறு கருவியைப் பார்ப்பது நல்லது. கண்ணுக்குத் தெரியும்படி, காதுக்குக் கேட்கும்படி ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும் என்றால் இதைவிட நல்ல தொடக்கம் இப்போதைக்கு இல்லை என்பது எங்கள் தீர்மானம். காரணம் எளியது: பி5-இல் செய்யும் தவறு பெரும்பாலும் படமாகவே தெரிந்துவிடும். ஆனால் மூன்று இடங்களில் அந்த எளிமை திடீரென்று கைவிடும். தமிழ் எழுத்து, ஒலி, எடிட்டரை விட்டு வெளியே எடுத்துப்போவது. அவற்றையும் சேர்த்தே பார்ப்போம்.

கட்டளைப் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். தட்டச்சும்போது ஆங்கிலத்தில், பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறாமல் அடிக்க வேண்டும். கிரியேட்கேன்வாஸ் என்பதன் நடுவில் வரும் ‘சி’ பெரிய எழுத்து; அதைச் சிறியதாக அடித்தால் கேன்வாஸ், அதாவது நாம் வரையும் தாள், வராது. இந்த மாதிரிப் பிழைகளுக்கு எடிட்டரின் கீழே உள்ள கன்சோலில் ‘இதைத்தான் சொல்ல வந்தீர்களா’ என்ற தோரணையில் ஒரு குறிப்பு வரும். ஃப்ரெண்ட்லி எரர் சிஸ்டம் என்று பெயர். புதியவர்களுக்கு இது பெரிய துணை. படம் காணவில்லை என்றால் நிரலை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் முதலில் கன்சோலைப் படியுங்கள்.

கடிகாரம்

பெரும்பாலோர் முதலில் செய்வது கடிகாரம். அரைமணி நேர வேலை. ஹவர், மினிட், செகண்ட் என்ற மூன்று கட்டளைகளும் கணினியின் நேரத்தைத் தரும். செகண்ட் 0 முதல் 59 வரை ஓர் எண் தரும்; 60-க்கு 360 டிகிரி என்ற கணக்கில் மேப் கட்டளை அதைக் கோணமாக மாற்றித் தரும். ஆர்க் கட்டளையால் வளையம் வரையலாம். இரண்டு இடத்தில் இடறும். பி5-இல் 0 டிகிரி என்பது மூன்று மணி இருக்கும் திசை, பன்னிரண்டு மணி இல்லை. எல்லாக் கோணத்திலும் 90-ஐக் கழித்தால் சரியாகும். இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. வளையம் தொடங்கும் கோணமும் முடியும் கோணமும் ஒன்றாக இருந்தால் ஆர்க் ஒன்றுமே வரையாது என்றுதானே எதிர்பார்ப்போம்? முழு வட்டத்தையே வரைந்துவிடும். அதனால் ஒவ்வொரு நிமிடமும் 0-ஆவது விநாடியில் வளையம் முழுசாகத் தெரிந்து மறையும். விநாடி 0-ஐவிடப் பெரியதாக இருந்தால் மட்டும் வரை என்று ஒரு இஃப் நிபந்தனை போட்டால் தீர்ந்தது.

சிக்குக்கோலம்

பி5-ஐ நிஜமாகச் சோதிக்க ஒரு நல்ல வேலை கோலம். கோலத்துக்கும் கணினிக்கும் உள்ள உறவு புதிதல்ல. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருதிவாசனுடன் சேர்ந்து 1974-லேயே கோலங்களை உருவாக்கும் இலக்கண விதிகளை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டிருக்கிறார்கள். நாம் இங்கே எடுத்துக்கொள்வது அதைவிட எளிய ஒரு வழி.

புள்ளிகளைச் சம இடைவெளியில் வைக்கிறோம். இடைவெளி 60 பிக்சல் என்று கொள்வோம். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு வைரவடிவம், அதாவது 45 டிகிரி சாய்த்த சதுரம். அதன் நான்கு முனைகளும் பக்கத்துப் புள்ளிக்குப் போகும் வழியில் சரிபாதியில் நிற்க வேண்டும். அதற்குச் சதுரத்தின் பக்கம், இடைவெளியை 2-இன் வர்க்கமூலத்தால் வகுத்தது: 60 என்றால் சுமார் 42.4. பக்கத்துப் பக்கத்து வைரங்கள் முனையோடு முனை தொடும். இரண்டு முனைகளும் கூராக இருந்தால் அங்கே இழைகள் ஒன்றையொன்று வெட்டிக் கடந்து போகும். இதைத் திறந்த முனை என்போம். இரண்டையும் உருட்டிவிட்டால் இழைகள் தொடாமல் அவரவர் புள்ளியைச் சுற்றியே திரும்பும். இது மூடிய முனை. சிக்கு முழுக்க இந்த இரண்டே முடிவில் அடங்கிவிடுகிறது.

பி5-இல் இதற்குத் தனியாக வளைகோடு எழுத வேண்டியதில்லை. ரெக்ட் கட்டளைக்கு இடம், அகலம், உயரம் கொடுத்த பிறகு, நான்கு மூலைகளுக்கும் நான்கு ஆரங்களைத் தனித்தனியாகக் கொடுக்கலாம். 0 கொடுத்தால் கூர்முனை, பக்கத்தின் பாதி கொடுத்தால் முழு உருட்டல். நான்கும் உருண்டால் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம். மூலைகளின் வரிசை மேல்-இடது, மேல்-வலது, கீழ்-வலது, கீழ்-இடது. 45 டிகிரி சுழற்றிய பிறகு இவை முறையே மேல், வலம், கீழ், இடம் என்று ஆகிவிடும். இதைத் தாளில் ஒருமுறை வரைந்து பார்த்துவிடுங்கள். குழம்பினால் கோலம் முழுக்க அறுந்து அறுந்து தெரியும்.

ஒவ்வொரு புள்ளிக்கும் செய்ய வேண்டியது: இருக்கும் நிலையைக் குறித்துவைக்கும் புஷ், பிறகு டிரான்ஸ்லேட் போட்டுப் புள்ளியின் இடத்துக்கு நகர்வது, ரொட்டேட் போட்டுச் சுழற்றுவது, ரெக்ட், கடைசியில் பழைய நிலைக்குத் திரும்பும் பாப். முன்னதாக, தொடக்கத்தில் ஒரே ஒருமுறை ஓடும் செட்டப் பகுதியில் மூன்று வரி: கோணங்களை டிகிரியில் எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஆங்கிள்மோட், சதுரத்தை அதன் நடுவிலிருந்து அளக்கச் சொல்லும் ரெக்ட்மோட், உள்ளே வண்ணம் வேண்டாம் என்னும் நோஃபில்.

எந்த வரியை விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துவைத்தால் பிழை தேடும் நேரம் மிச்சம். ஆங்கிள்மோட் விட்டுப்போனால் 45 என்பதை ரேடியன் என்ற வேறொரு கோண அலகாக எடுத்துக்கொள்ளும். 45 ரேடியன் ஏழு முழுச்சுற்றுக்குப் பிறகு சுமார் 58 டிகிரியில் வந்து நிற்கும். சதுரம் சாய்ந்துதான் இருக்கும். அதனால் ‘ரொட்டேட் வேலை செய்கிறதே’ என்று தோன்றும். ஆனால் முனைகள் 13 டிகிரி விலகி ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். ரெக்ட்மோட் விட்டுப்போனால் சதுரங்கள் ஒன்றோடொன்று சரியாகத் தொடும். கோலம் முழுசாகவே இருக்கும். புள்ளிகள் மட்டும் வைரத்தின் நடுவில் இல்லாமல் மேல்முனையில் போய் உட்கார்ந்திருக்கும். நோஃபில் இல்லையென்றால் வெள்ளைச் சதுரங்கள் புள்ளிகளை மூடிவிடும். புஷ், பாப் மறந்தால் ஒவ்வொரு நகர்த்தலும் முந்தையதன் மேல் கூடிக்கொண்டே போய், இரண்டாவது புள்ளியிலிருந்தே எல்லாம் இடம் மாறிச் சிதறும்.

இன்னொரு பிழை பார்க்க அழகாகவே இருக்கும். முனை திறந்ததா மூடியதா என்று குருட்டுவாக்கில் எண் தரும் ரேண்டம் போட்டு முடிவு செய்வதை, படத்தைத் திரும்பத் திரும்ப வரையும் டிரா பகுதிக்குள் வைத்துவிட்டால், டிரா விநாடிக்கு 60 முறை ஓடுவதால் கோலம் மின்மினிக் கூட்டம் மாதிரி துடிக்கும். முடிவுகளை செட்டப்பில் ஒரே ஒருமுறை எடுத்து அணியில் (மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியலில்) போட்டு வையுங்கள். டிரா அதைப் படித்து வரையட்டும். மவுஸை அழுத்தினால் புதிய கோலம் என்று வைத்துக்கொண்டால் டிரா திரும்பத் திரும்ப ஓடாமலிருக்க நோலூப் போட்டு, மவுஸை அழுத்தும்போது ஓடும் மவுஸ்பிரஸ்டில் முடிவுகளைப் புதிதாக எடுத்து, மறுபடி வரைய ரீடிரா கூப்பிடலாம்.

அணியைப் பற்றி ஒன்று. ஒரு புள்ளியின் வலமுனையும் அடுத்த புள்ளியின் இடமுனையும் ஒரே முடிவைப் பகிர வேண்டும். ஆகவே முடிவுகளைப் புள்ளிக்குப் புள்ளி சேமிக்காதீர்கள். இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் உள்ள இடத்துக்கு ஒன்று என்று சேமியுங்கள். 5-க்கு 5 கோலத்தில் கிடைவாக 20, நெடுக்காக 20, மொத்தம் 40 இடங்கள். விளிம்பு முனைகள் எப்போதும் மூடியவை. ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு வாய்ப்பு என்றால் 2-இன் 40-ஆவது அடுக்கு, ஒரு லட்சம் கோடியைத் தாண்டும். ஆனால் இப்படிக் கண்மூடி எடுத்தவற்றில் பெரும்பாலானவை வாசலில் போடும்படி இருக்காது. சமச்சீர் வேண்டும்.

சமச்சீர் கொண்டுவருவதில்தான் ஒரு கணக்குப் பொறி இருக்கிறது. எளிதாகத் தோன்றும் வழி: இடம்-வலம், மேல்-கீழ், இரண்டு மூலைவிட்டம் என்று எல்லாப் பக்கமும் கண்ணாடிப் பிம்பமாக்குவது. 40 முடிவுகள் 6 ஆகச் சுருங்கும்; மொத்தம் 64 கோலங்களே. எல்லாமே அம்சமாக இருக்கும். ஆனால் அவற்றில் ஒன்றுகூட ஒற்றை இழையில் முடியாது. ஏன் என்றால், மூலைவிட்டத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளியின் வைரமும் இரண்டு இடத்தில் அந்த மூலைவிட்டத்தைச் செங்குத்தாக வெட்டுகிறது. ஐந்து புள்ளிக்குப் பத்து வெட்டு. ஒரே இழையாக ஓடி முடியும் ஒரு வளைவு, தன்னைப் பிம்பமாகப் பிரிக்கும் கோட்டை அப்படி வெட்டக்கூடியது இரண்டே இடத்தில்தான். ரேண்டத்தை எத்தனை முறை ஓட்டினாலும் கிடைக்காது. மூலைவிட்டப் பிம்பத்தைக் கைவிட்டு, கால்சுற்று சுழற்றினால் மாறாத கோலமாக எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது 5-க்கு 5-இல் 10 முடிவுகள், 1024 கோலங்கள். எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்கக் கணினிக்கு நேரமே ஆகாது.

இழைகளை எண்ணுவது இப்படி. ஒவ்வொரு வைரத்துக்கும் நான்கு பக்கம், ஒவ்வொன்றும் ஒரு துண்டு. ஒரு துண்டில் புறப்படுங்கள். முனை மூடியிருந்தால் அதே வைரத்தின் அடுத்த துண்டுக்குத் திரும்புங்கள். திறந்திருந்தால் நேராகக் கடந்து பக்கத்து வைரத்துக்குப் போங்கள்: வலமேல் துண்டில் கீழிறங்கி வந்தால், வலப்பக்க வைரத்தின் இடக்கீழ்த் துண்டில் தொடர வேண்டும். இங்கே இடமேல் துண்டில் ஏறிவிடுவதுதான் வழக்கமான பிழை. அது கடப்பது இல்லை, மோதித் திரும்புவது. புறப்பட்ட துண்டுக்கே வந்துவிட்டால் ஓர் இழை முடிந்தது. மிச்சம் துண்டு இருந்தால் அதிலிருந்து அடுத்தது.

எண்ணி முடித்த விடை சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. உள்முனைகள் எல்லாம் திறந்திருக்கும்போது இழைகளின் எண்ணிக்கை, வரிசையும் பத்தியும் சேர்ந்த மீப்பெரு பொதுக் காரணிக்குச் சமம். 4-க்கு 5 என்றால் 1, 4-க்கு 6 என்றால் 2, 3-க்கு 3 என்றால் 3. உங்கள் நிரல் வேறு எண் சொன்னால் தாண்டும் விதியில் கோளாறு. அது சரியானதும் இதைக் கொடுத்துப் பாருங்கள்: 3-க்கு 3 புள்ளி. மேல்வரிசையில் முதல் இரண்டு புள்ளிக்கு நடுவே, வலப்பத்தியில் மேல் இரண்டுக்கு நடுவே, கீழ்வரிசையில் கடைசி இரண்டுக்கு நடுவே, இடப்பத்தியில் கீழ் இரண்டுக்கு நடுவே, இந்த நான்கையும் மூடுங்கள்; மற்ற எட்டும் திறந்தே இருக்கட்டும். 36 துண்டும் ஒரே இழையாக ஓடி முடியும். தாளில் பென்சிலை எடுக்காமலும் போட்டுப் பார்க்கலாம்.

இந்த முறையில் வராத கோலமும் உண்டு. இரண்டு புள்ளிகளை ஒரே வளையத்துக்குள் அணைத்துச் செல்லும் இழைக்கு மூன்றாவது வகை முனை வேண்டும். அதற்கு ரெக்ட் போதாது, பெசியர் எனப்படும் வளைகோடுகளைக் கொண்டு கட்டம் கட்டமாக வரைய வேண்டிவரும். அடுத்த கட்டமாக வைத்துக்கொள்ளலாம்.

தமிழ் எழுத்து

நிரலுக்குள் மதிப்புகளை வைத்திருக்கும் மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். புள்ளி, இடைவெளி, இழை என்று எழுதினாலும் ஜாவாஸ்கிரிப்ட் ஏற்றுக்கொள்ளும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இது நிறையவே உதவும். ஓர் எச்சரிக்கை: ‘கோ’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் அடிக்கலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும்; ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். ஒரு கீபோர்டில் தொடங்கிய நிரலை வேறு கீபோர்டில் தொடரும்போது ‘அப்படி ஒரு மாறி இல்லை’ என்று வந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

கேன்வாஸில் தமிழ் எழுத டெக்ஸ்ட் கட்டளை. கணினியில் உள்ள எழுத்துருவையோ ஸ்டைல் கோப்பில் இணைத்த வெப் எழுத்துருவையோ டெக்ஸ்ட்ஃபான்ட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுத்து சரியாக வரும். ஏனென்றால் எழுதுவது பிரவுசர். 1-ஆம் வரிசைப் பதிப்புகளில் லோட்ஃபான்ட் போட்டு எழுத்துருக் கோப்பை நேரடியாக ஏற்றினால் கதை வேறு. அப்போது பி5 எழுத்து வடிவங்களைத் தானே ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குகிறது. தமிழின் கொம்பு எழுத்துக்கு முன்னால் போக வேண்டும் என்று அதற்குத் தெரியாது. ‘கெ’ என்று எழுதினால் க-வுக்குப் பின்னால் கொம்பு போய் நிற்கும். முப்பரிமாணத்துக்கான வெப்ஜிஎல் முறையில் லோட்ஃபான்ட் கட்டாயம் என்பதால் அங்கே தமிழ் நேரடியாக எழுதவே முடியாது. மாற்றுவழி: கிரியேட்கிராஃபிக்ஸ் போட்டு ஒரு சாதாரண இருபரிமாணத் தாளை உருவாக்கி, அதில் தமிழை எழுதி, அந்தத் தாளைப் படமாக முப்பரிமாண வடிவத்தின் மேல் ஒட்டுவது.

எழுத்து எழுத்தாகத் தோன்றும் தட்டச்சு விளைவைச் செய்கிறவர்கள் சப்ஸ்டிரிங் போட்டு ஒவ்வொன்றாக வெட்டுவார்கள். ஆங்கிலத்துக்குச் சரி. ‘தமிழ்’ என்பதை அப்படி வெட்டினால் ஐந்து படிகள்: த, தம, தமி, தமிழ, தமிழ். இகரக் குறியும் புள்ளியும் தனியே வந்து ஒட்டிக்கொள்வது தெரியும். பிரவுசரிலேயே இருக்கும் இன்டில் செக்மென்டர் என்ற வசதியில் கிராஃபீம் (முழு எழுத்து) என்று கேட்டுப் பிரித்தால் த, மி, ழ் என்று மூன்றாகச் சரியாகத் தரும். க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றை மட்டும் இரண்டாகப் பிரிக்கும். அவற்றுக்குத் தனியாக ஒரு இஃப் எழுதுங்கள்.

ஒலி

மைக்கில் தட்டும் தாளத்துக்கு வட்டம் பெரிதாகிச் சிறிதாவது இன்னொரு பிரபலமான வேலை. பி5.சவுண்ட் என்ற துணை நூலகம் செய்யும். ஆடியோஇன் ஒன்றை உருவாக்கி ஸ்டார்ட் சொன்னால், கெட்லெவல் 0 முதல் 1 வரை ஓர் எண் தரும். சாதாரணப் பேச்சுக்கு அந்த எண் மிகச் சிறியதாகவே இருக்கும். மேப்பில் 0 முதல் 1 என்று போட்டுவிட்டு ‘வட்டம் அசையவே இல்லை’ என்று புலம்பாமல் 0 முதல் 0.3 வரை என்று தொடங்குங்கள்.

எதுவுமே கேட்காமல், அசையாமல் இருந்தால் நிரலில் பிழை தேட வேண்டாம். பயனர் பக்கத்தில் ஏதாவது ஒன்றைத் தொடும் வரை ஒலியைத் தொடங்க பிரவுசர்கள் விடுவதில்லை. மவுஸ்பிரஸ்டில் யூசர்ஸ்டார்ட்ஆடியோ என்ற ஒரு வரியைச் சேர்த்தால் போதும்.

சுருதி பார்க்கும் கருவி செய்ய ஆசைப்படுகிறவர்கள், ஒலியை அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் எஃப்எஃப்டி-யை நம்பி இறங்க வேண்டாம். பி5 தரும் எஃப்எஃப்டி அதிகபட்சம் 1024 பட்டைகள்தான் தரும். ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து மாதிரி எடுக்கும் வேகத்தில் ஒரு பட்டையின் அகலம் சுமார் 21.5 ஹெர்ட்ஸ். ஒரு கட்டை ஸட்ஜம் 261.6 ஹெர்ட்ஸில் நிற்கும்போது அதற்கு அடுத்த அரைச்சுரம் 277.2. வித்தியாசம் 15.6 ஹெர்ட்ஸ், ஒரு பட்டைக்குள்ளேயே அடங்கிவிடும். ஸட்ஜமா சுத்த ரிஷபமா என்றுகூடச் சொல்ல முடியாத கருவியை வைத்து என்ன செய்வது? அதற்குப் பதில் வேவ்ஃபார்ம் கட்டளை தரும் அலையை எடுத்து, அதையே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தித் தன்னோடு ஒப்பிடுங்கள். எத்தனை மாதிரி நகர்த்தினால் மறுபடி பொருந்துகிறதோ அதுவே அலையின் நீளம். ஸட்ஜத்துக்கு சுமார் 169 மாதிரிகள், அடுத்த அரைச்சுரத்துக்கு 159. பத்து மாதிரி வித்தியாசம் தாராளமாகப் பிடிபடும்.

எடிட்டரின் குறைகள்

எழுதும்போதே ஓடும் ஆட்டோ-ரிஃப்ரெஷ் வசதியை அணைத்துவிடுங்கள். ஃபார் லூப்பைப் பாதி எழுதிய நிலையில் ஓடத் தொடங்கி, முடிவில்லாத லூப்பில் டேப் உறைந்துபோகும் அபாயம் உண்டு. திருத்துவதற்கு முன்னால் ஃபைல் மெனுவில் டூப்ளிகேட் போட்டு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். நேற்றைய நிலைக்குத் திரும்ப வேறு நம்பகமான வழி இல்லை. இணைப்பு கையில் இருப்பவர் உங்கள் நிரலைப் படிக்கலாம் என்பதால் கடவுச்சொல், ஏபிஐ சாவி (இணையச் சேவைகளைப் பயன்படுத்தத் தரப்படும் ரகசியக் குறியீடு) எதையும் உள்ளே எழுதக் கூடாது. கைப்பேசியில் எடிட்டர் திறக்கும், ஓடும். ஆனால் அடைப்புக்குறிகளைத் தேடித் தேடி அடிப்பது சலிப்பு. எழுதக் கணினி, பார்க்கக் கைப்பேசி என்று வைத்துக்கொள்வதே வசதி.

பதிப்புக் குழப்பம் இப்போது புதியவர்களுக்கு உள்ள பெரிய தொல்லை. 2025-இல் 2.0 வந்தது. படங்களை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ப்ரீலோட் அதில் எடுக்கப்பட்டுவிட்டது; செட்டப்புக்கு முன்னால் அசிங்க் போட்டு, லோட்இமேஜுக்கு முன்னால், ஏறி முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் அவெய்ட் போட வேண்டும். பழைய பாடங்களும் துணை நூலகங்கள் பலவும் 1-ஆம் வரிசைக்கு எழுதப்பட்டவை. ஏதோ ஒரு பாடத்தைப் பார்த்து அப்படியே அடித்தும் ஓடவில்லை என்றால் இன்டெக்ஸ் கோப்பைத் திறந்து எந்தப் பதிப்பு ஏறுகிறது என்று பாருங்கள். தொடக்கக்காரர்கள் 1-ஆம் வரிசையிலேயே பழகிவிட்டு மாறுவது இப்போதைக்கு நிம்மதி.

இன்னொரு சின்ன விஷயம்: விட்த், ரேண்டம் போன்றவற்றை செட்டப்புக்கு வெளியே, கோப்பின் தலையில் பயன்படுத்தக் கூடாது. அந்த நேரத்தில் பி5 இன்னும் விழித்திருக்காது. மாறியை மேலே அறிவித்துவிட்டு, மதிப்பை செட்டப்பில் கொடுங்கள். கீ, கலர், மேப், டெக்ஸ்ட் என்று உங்கள் மாறிகளுக்குப் பெயர் வைத்தாலும் சிக்கல். அதே பெயரில் உள்ள பி5 கட்டளை மறைந்துபோகும். தமிழ்ப் பெயர் வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

வெளியே எடுத்துப்போவது

ஃபைல் மெனுவில் டவுன்லோட் கொடுத்தால் ஜிப் கோப்பாக வந்துவிடும். அதைப் பிரித்து இன்டெக்ஸ் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் வெறும் வரைபடம் ஓடும். படமோ தரவுக் கோப்போ ஏற்றும் நிரல் ஓடாது. வட்டில் உள்ள கோப்பை இப்படிப் படிக்க பிரவுசர் அனுமதிக்காததே காரணம். பைத்தான் இருக்கும் கணினியில் அந்த ஃபோல்டரில் டெர்மினலைத் திறந்து பைத்தானின் ஹெச்டிடிபி சர்வரை 8000 போர்ட்டில் ஓட்டினால் சரியாகும். இணையத்தில் எல்லோரும் பார்க்க, கிட்ஹப் பேஜஸ் என்ற சேவையில் இலவசமாக ஏற்றலாம். விண்டோஸில் ஓடிய படம் அங்கே காணவில்லை என்றால் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறியிருக்கும்.

நெட் இல்லாத பள்ளி லேபில் ஓட்ட வேண்டுமா? ஜிப்பில் வரும் இன்டெக்ஸ் கோப்பின் ஸ்கிரிப்ட் வரியில் இணைய முகவரி இருந்தால், அது பி5-ஐ இணையத்திலிருந்துதான் இழுக்கும். பி5-இன் சுருக்கிய பதிப்பு (கோப்புப் பெயரில் ‘மின்’, அதாவது மினிஃபைட், என்று வரும்) சுமார் 1 எம்பி. அதை இறக்கி அதே ஃபோல்டரில் வைத்து, ஸ்கிரிப்ட் வரியில் உள்ள முகவரியை அந்தக் கோப்புப் பெயராக மாற்றுங்கள். ஒரு பென்டிரைவில் லேப் முழுக்கப் பரப்பலாம். ஆனால் சுருக்கிய பதிப்பில் அந்த நட்பான பிழைக்குறிப்புகள் இருக்காது. பழகும் பிள்ளைகளுக்கு இடம் கொஞ்சம் அதிகம் பிடித்தாலும் முழுப் பதிப்பையே கொடுங்கள்.

கோலத்தை அச்சிட நினைத்தால் சேவ்கேன்வாஸ் போதும். ஆனால் 400 பிக்சல் படத்தை ஏ4 தாளுக்கு இழுத்தால் இழைகள் பிசிறடிக்கும். ஏ4 அகலத்துக்கு 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 2480 பிக்சல் வேண்டும். செட்டப்பில் கிரியேட்கேன்வாஸுக்கு முன்னால் பிக்சல்டென்சிட்டி 6 என்று ஒரு வரி போட்டால் அதே கோலம் 2400 பிக்சலில் சேமிக்கப்படும். வேறு எந்த எண்ணையும் மாற்ற வேண்டியதில்லை. சேமித்த பிறகு அந்த வரியை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பழைய லேப்டாப்பில் அசைவுப் படங்கள் திணறும்.